மூடி அக்காவும் நான்காம் கட்டும்

அந்தத் தீவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சுவரில் காது வைக்க வேண்டியதில்லை. குப்பைப் பையைப் பிரித்தால் போதும். யார் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார், எந்த வீட்டில் போன வாரம் தட்டு பறந்தது, "இனிமே தொட்டேன்னா என்னைச் செருப்பால அடி" என்று சத்தியம் செய்தவர் அதற்கப்புறம் எத்தனை பாட்டில் காலி செய்தார், எல்லாம் உள்ளே இருக்கும். பதினெட்டு வருஷமாக அந்தப் பைகளைப் பிரித்துத் தரம் பார்க்கிறவள் ஒருத்தி. அவள் மட்டும் வாயைத் திறந்திருந்தால் பாதிக் குடும்பங்களின் மானம் கப்பலேறியிருக்கும். அவள் திறந்ததில்லை.

அதற்காக அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வாய்க்குத் தெருவே ஒதுங்கும். "மூடியைக் கழட்டிப் போடுங்க, எத்தனை தடவைதான் சொல்றது, மூடியைக் கழட்டிப் போடுங்க!" என்று வீடு வீடாகக் கத்திக் கத்தியே அவளுக்கு மூடி அக்கா என்று பேர் வந்துவிட்டது. சொந்தப் பேர் என்ன என்று கேட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசிப்பாள். மூடி போட்ட பாட்டிலுக்குள் காற்று நிற்கும். அழுத்துகிற பிரஸ்ஸில் அது நசுங்காது, டமால் என்று வெடிக்கும், கட்டு உப்பிக் கம்பி தெறிக்கும். இதைப் புரியவைக்க அவளுக்குப் பத்து வருஷம் பிடித்தது.

தீவு என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, நானூறு வீடு. இரண்டு முழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அதனால் எதையும் புதைக்க முடியாது. கொளுத்தினால் புகை போக இடமில்லாமல் படுக்கையறைக்குள் வந்து உட்காரும். ஆகவே படகில் வந்தது படகில்தான் திரும்பிப் போக வேண்டும். தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று, நீள மேசை ஒன்று, பிரஸ் ஒன்று. தரம் பிரித்து, அழுத்தி, கம்பி கட்டி, எண் அட்டை தொங்கவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அக்கரைக்கு அனுப்புவார்கள்.

மூடியோடு வரலாம் என்று அக்கா அனுமதித்த பாட்டில் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், போட்ட ஊசியைக் கெட்டியான பாட்டிலில் சேர்த்து, மூடியை இறுக்கி, சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்து அக்கரை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்புவாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த இடத்தில் அக்காவின் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது. நானூறு வீடு இருக்கிற ஊரில் சிவப்பு டேப் ஒட்டிய பாட்டிலோடு தெருவில் நடப்பதும், "எனக்கு இன்ன வியாதி" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை அக்கரைக்குக் கூப்பிட்டு, கட்டுகளைப் பிரிக்கிற இடத்தைக் காட்டினார்கள். இருபது பெண்கள் வரிசையாக நின்று கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊர்க் கட்டு வந்தால் முழங்கை வரைக்கும் தடித்த கையுறை. தீவின் எண் அட்டையோடு ஒரு கட்டு வந்ததும், அத்தனை பேரும் கையுறையைக் கழற்றி மேசை மேல் போட்டார்கள். அக்கா பதறிப்போய், "ஏம்மா கழட்டுறீங்க?" என்று கேட்டாள். குள்ளமான ஒரு பெண் சிரித்தாள். "இது உங்க கட்டுதானே அக்கா. இதுல கண்ணை மூடிக்கிட்டுக் கை விடலாம். எங்களுக்கும் கொஞ்ச நேரம் கை வேர்க்காம இருக்கும்." அவள் கை சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மாசம் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இந்த முறை படகு வந்த அன்று காலை பத்து மணிக்கு, அக்காவின் தம்பி மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தம்பி வேறு யாருமில்லை, அந்தச் சரக்குப் படகை ஓட்டுகிறவன்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறான். தம்பி மனைவியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணி, எங்க வீட்டுப் பையில நீல டப்பா ஒண்ணு வந்துச்சா? துணி துவைக்கிற சோப்பு டப்பா."

"அது நானூறு வீட்டுல இருந்தும் வருது. உங்க வீட்டு டப்பாவுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"மூடி போட்டிருக்கும் அண்ணி."

"மூடி போட்டா? ஏம்மா, நீயுமா? ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துறேன், என் வீட்டு மனுஷங்களே…"

"அதுல ஊசி இருக்கு."

அக்கா கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். தம்பிக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் நான்கு மாதமாக ஊசி. பேனா மாதிரி ஒரு கருவி. அதன் முனையில் நகத்தளவு ஊசி ஒன்றைத் திருகிப் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குத்திக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு ஊசி. ஊசி போட்டுக்கொள்கிறவன் சுக்கானைத் தொடக் கூடாது என்று படகு அலுவலகத்தில் விதி. நடுக்கடலில் தலை சுற்றிவிட்டால் என்ன ஆவது என்பது அவர்கள் பயம். அதனால் தம்பி மூச்சுக் காட்டவில்லை. போட்ட ஊசிகளை நீல டப்பாவில் சேர்த்து, அக்கரைக்குப் போகும்போது அவனே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வருவான். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஊசி சேர்ந்துவிட்டதால் அந்த டப்பாவை மூடிவிட்டு வேறொன்று எடுத்தவன், பழையதைத் துவைக்கிற இடத்திலேயே மறந்து வைத்துவிட்டான். காலி டப்பா என்று மனைவி பையில் போட்டுவிட்டாள்.

"இன்னிக்குக் காலையிலதான் தேடினாரு. அதுல ஊசி இருந்துச்சுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"தேடிட்டு என்ன சொன்னான்?"

"போனது போகட்டும், அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னாரு." தம்பி மனைவிக்கு அழுகை முட்டியது. "என்னால முடியல அண்ணி."

அக்காவுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குள்ளப் பெண்ணின் கை. கையுறையைக் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுகிற கை. மற்ற ஊர்க் கட்டில் ஊசி போனால்கூடத் தடித்த கையுறை தடுக்கும். தன் கட்டில் போனால் நேரே சதையில்தான். நாளைக் காலை பிரிப்பார்கள். ஒரு ஊசி குத்தினால் அப்புறம் மாசக்கணக்கில் ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்து, என்ன வருமோ ஏது வருமோ என்று அந்தப் பெண் வீட்டில் உலை வைக்கக்கூட மனசு வராது. அது தம்பியின் ஊசி, அவனுக்குச் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

"நீ வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல, நான் உன்னைப் பார்க்கவே இல்ல," என்றாள்.

பிரஸ் ஓட்டுகிற பெரியவர் பின்பக்கம் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போய், "அண்ணே, வியாழக்கிழமை கெட்டி பிளாஸ்டிக் அழுத்தினோமே, ஏதாவது வெடிச்சுதா?" என்று கேட்டாள்.

"வெடிக்காம? டீ குடிச்சிட்டு வந்த உடனே ஒண்ணு வெடிச்சுதே. எந்த மகராசன் மூடி கழட்டலையோன்னு நீதானே ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினே. நாலாம் கட்டு அது."

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெடித்தால் பிரஸ்ஸை நிறுத்து, திற, என்னவென்று பார், என்பது அவளே போட்ட சட்டம். அன்றைக்குக் கொட்டகை கூரை வரைக்கும் நிறைந்திருந்தது, படகுக்கு நாள் நெருங்கியிருந்தது. திட்டிவிட்டு, "ஓட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின இடம் இப்படியா இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

துறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மொத்தம் இருபது கட்டு. ஒன்பது படகில் ஏறியாகிவிட்டது. நான்காவது உள்ளே, மூன்று கட்டுக்கு அடியில். தம்பி படகின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் அந்த ஊசிப் பேனா, பார்க்கிறவர்களுக்கு எழுதுகிற பேனா. அக்கா ஏறிப் போய் அவன் பக்கத்தில் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நாலாம் கட்டை இறக்கச் சொல்லு."

அவன் திரும்பவில்லை. "அவ சொல்லிட்டாளா?"

"சொல்லாம உன்னை மாதிரி முழுங்கிட்டு இருப்பாளா?"

"அக்கா, மெதுவா. அங்க போன் பண்ணிச் சொல்லிடலாம். நாலாம் கட்டுல ஜாக்கிரதைன்னு."

"யாருக்கு? ஆபீசுக்கா? ஆபீசுல சொன்னது அந்த மேசை வரைக்கும் என்னிக்குடா போய்ச் சேர்ந்திருக்கு? ரெண்டு வருஷமா நான் கம்பியை மாத்தச் சொல்றேன், இன்னும் வரல."

"இறக்கினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா யாருதுன்னு கேப்பாங்க." அவன் குரல் உடைந்தது. "இது போச்சுன்னா எனக்கு வேற என்னக்கா தெரியும்?"

அவளுக்கு அவனை அறையவும் வேண்டும் போலிருந்தது, தலையைத் தடவவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை. "என் வாயில இருந்து வராது," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

துறைப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுகிற மனிதர். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுண்டியது.

"யார் வீட்டு ஊசி?"

"குப்பைக்கு ஏதுங்க வீட்டு நம்பர்?"

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"காதுல விழுந்துச்சு. நாலாம் கட்டை இறக்கிப் பிரிச்சாகணும்."

"ரெண்டு மணிக்குள்ள கிளம்பலைன்னா தண்ணி வத்திடும், படகு தரை தட்டிடும். அப்புறம் அடுத்த லோடு மூணு வாரம் கழிச்சுத்தான். உன் கொட்டகையில ஒரு டப்பா வைக்க இடம் இருக்கா?"

"இல்லைங்க."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசுறியா? சரி, இறக்கிப் பாரு. டப்பா இருந்தா அந்தக் கட்டு நிக்கட்டும். இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு ஏத்தணும்."

நான்காம் கட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு. துறையின் சிமெண்டுத் தரையில் தார்ப்பாய் விரித்தார்கள். அக்கா தடித்த கையுறை போட்டுக்கொண்டு கம்பியை வெட்டினாள். பிரஸ்காரப் பெரியவர் இடுக்கியோடு எதிரே உட்கார்ந்தார். ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த வாளி, தகடு தகடாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, இரண்டு பக்கமும் பார்த்து, அந்தப் பக்கம் போட வேண்டும். வெயில் பிடரியைச் சுட்டது. சுமை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "யாரா இருக்கும்?" என்று ஆளாளுக்கு ஒரு பேரைச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொன்ன பேரில் ஒன்றுகூடச் சரியில்லை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். கிழக்குத் தெருத் தையல்காரர் என்று ஒருவன் சொன்னதும் இன்னொருவன் கொல்லென்று சிரித்தான். அவர் குத்துகிற ஊசி வேறு ஊசியாம்.

ஒரு மணிக்கு நீல டப்பா வந்தது. பக்கவாட்டில் கிழிந்து, மூடி தனியாகப் பிய்ந்து கிடந்தது. அதன் உள்ளேயும் சுற்றி ஒட்டிய தகடுகளிலும் சின்னச் சின்னதாக ஊசிகள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பெரியவர் இடுக்கியால் எடுத்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட, அவள் வாய்விட்டு எண்ணினாள். பதினொன்று. இருபது. முப்பத்திரண்டு. முப்பத்தாறு.

அதற்கப்புறம் இல்லை. மீதிக் கட்டை அடி வரைக்கும் பிரித்தார்கள். தார்ப்பாயை உதறினார்கள். ஒன்றும் விழவில்லை.

"முடிஞ்சுது," என்றார் பொறுப்பாளர். "மணி ஒண்ணரை. இது இங்கேயே நிக்கட்டும், மத்ததை ஏத்துங்கப்பா. கையை ஓட்டுங்க."

எல்லோரும் நகர்ந்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு என்பது மொத்தமா, கிடைத்ததா? பிரஸ்ஸுக்குள் வெடித்த டப்பா. ஒரு ஊசி தெறித்து அடித்தட்டில் விழுந்திருந்தால், அது ஐந்தாவதில் போயிருக்கும், இல்லை ஆறாவதில், இல்லை மறுநாள் அழுத்திய அட்டையில். நான்குக்கு அப்புறம் பதினாறு கட்டு. எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். எத்தனை என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தன், பத்தடி தூரத்தில் படகு மேல் நிற்கிறான். அவனைப் பார்த்து "எத்தனைடா?" என்று கேட்டால் கேட்ட நிமிஷமே ஊருக்கு விளங்கிவிடும். கேட்காவிட்டால் நாளைக் காலை இருபது பெண்களின் கை உள்ளே போகும்.

பதினெட்டு வருஷம் நானூறு வீட்டு ரகசியத்தைச் சுமந்தவளுக்குத் தன் வீட்டு ரகசியம் ஒன்று தொண்டையில் நின்றது.

"இதுல எத்தனை இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டாள்.

பொறுப்பாளருக்கு எரிச்சல் வந்தது. "போட்டவனைத்தான் கேக்கணும். இருந்ததெல்லாம் வந்துடுச்சும்மா, எழுந்திரு. ஏத்தச் சொல்லவா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு."

பத்தாம் கட்டு கிரேனில் அந்தரத்தில் தொங்கியது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஏற்று என்றும் அவளுக்கு வரவில்லை, நிறுத்து என்றும் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஊரே சிரித்திருக்கும்.

"முப்பத்தேழு."

குரல் படகிலிருந்து வந்தது.

தையல்காரரைச் சொன்னவன் தரையைப் பார்த்தான். தம்பி பலகை வழியாக மெதுவாக இறங்கி வந்தான். "முப்பத்தேழு இருந்துச்சுக்கா," என்று மறுபடியும், இந்த முறை அவளிடம், சொன்னான். பிறகு இடுப்பிலிருந்து படகுச் சாவியை எடுத்தான். பொறுப்பாளர் கேட்கவில்லை; கையை மட்டும் நீட்டினார். அன்றைக்கு முழுக்க அவர் கடிகாரத்தைப் பார்க்காத நேரம் அதுதான்.

அக்கா எழுந்தாள். "நாலுக்கு அப்புறம் கட்டின பதினாறும் போகாது. எல்லாத்தையும் இறக்குங்க," என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் மூன்று கட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, உதவி ஓட்டுநர் சுக்கான் பிடிக்க, படகு இரண்டு மணிக்குப் போனது. தம்பி கரையில் நின்று அது வளைவைத் தாண்டும் வரை பார்த்தான். "இடப்பக்கம் ரொம்ப ஒடிக்கிறான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அக்காவுக்கு அவனைத் திட்ட ஒரு வண்டி வார்த்தை சேர்ந்திருந்தது. தார்ப்பாயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனிடம் ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிப் போட்டாள்.

"எப்படிடா இவ்வளவு நிச்சயமா சொல்றே? நேத்து என்ன சாப்பிட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்காது."

"ஒவ்வொரு தடவை போடும்போதும் டப்பாவைக் கொட்டி எண்ணுவேன்க்கா." அவன் கையுறைக்குள் விரலை நுழைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. "ஒண்ணு தவறிக் குப்பையில போயிடுச்சுன்னா உன் கையிலதானே குத்தும்."

சேர்த்து வைத்திருந்த திட்டு எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் பதினாறு கட்டு இருந்தது. ஐந்தாம் கட்டின் கம்பியை வெட்டினாள்.